ஒழுங்கான நாடி

என்னிடம் சிகிச்சைக்கு வந்த பாட்டிக்கு 78 வயது. இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான். கூடவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு. மணிக்கட்டில் முழு ஒரு நிமிடம் எண்ணினேன்: 92. அதே நிமிடத்தில் நர்ஸ் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணியது 128. மிச்சம் 36 துடிப்பு கைவரை வந்து சேரவே இல்லை. இரத்தம் நிரம்புமுன்னே இதயம் சுருங்கிவிடுகிறது. விரலில் மாட்டும் கருவியை மட்டும் நம்பினால் இந்த இடத்தில் ஏமாந்துபோவோம்.

நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைக் கூட்டலாம் என்றால், அது பிரஷரையும் இறக்கும்; ஏற்கெனவே பிரஷர் 96. நாடியைக் குறைக்கும் வேறு மருந்துகளான வெராபமில், டில்டியாசெம் பம்பிங் இவ்வளவு குறைந்தவர்களுக்கு ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபான் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் இருப்பது டைகாக்ஸின். 1785இல் இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டர் எழுதிவைத்த டிஜிடாலிஸ் செடியின் பரம்பரை. நாடியைக் குறைக்கும், பிரஷரில் கை வைக்காது. 0.25 மி.கி. மாத்திரையில் பாதி, வாரத்துக்கு ஐந்து நாள். சனி, ஞாயிறு லீவு. (இந்த லீவு வழக்கத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. கிழமை குழம்பிப்போகிறவர்களே அதிகம்.)

மூன்று வாரம் கழித்து மருமகள் கூட்டிவந்தார். “அத்தை நாலு நாளா சரியாவே சாப்பிடல சார். சோத்தப் பாத்தாலே குமட்டுதாம்.” ஓ.பி.யில் கூட்டம். கேஸ் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டேன். நாடியைத் தொடவில்லை.

இரண்டு நாளில் பாத்ரூமில் மயங்கி விழுந்து, தூக்கிவந்தார்கள். நாடி 42. ஆனால் கடிகாரம் மாதிரி சீராக அடித்தது. “ரிதம் நார்மலாயிடுச்சு போல சார்” என்றார் நர்ஸ். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் டைகாக்ஸின் சாப்பிடுகிறவரின் நாடி மெதுவாகி, சீராகவும் ஆகிவிட்டால் அது குணமில்லை. ஈ.சி.ஜி.யில் மேலறைகள் பழையபடி நடுங்கிக்கொண்டிருந்தன. அங்கிருந்து ஒரு சிக்னலும் கீழே இறங்கவில்லை. கீழறைகள் தம் போக்கில் துடித்துக்கொண்டிருந்தன. டைகாக்ஸின் உடம்பில் தேங்கிவிட்டது. அந்தக் குமட்டலும் அதன் அறிகுறிதான்.

விசாரித்தால், முந்தின வாரம் மூன்று நாள் பேதி. சிறுநீரை அதிகம் போக்கும் நீர் மாத்திரையை மட்டும் விடாமல் கொடுத்திருக்கிறார்கள். பேதியானால் அதை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள் என்று நான் சொன்னதே இல்லை. உடம்பு வற்றி, சிறுநீரகம் மந்தமானால் ஏறும் கிரியாட்டினின் அளவு 1.1-லிருந்து 2.3 ஆகியிருந்தது. டைகாக்ஸின் வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான்.

மாத்திரையை நிறுத்தினோம். தற்காலிக பேஸ்மேக்கரைத் தயாராக வைத்துக்கொண்டு, நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று கேட்டுக் கேட்டு சலைன் ஏற்றினோம். நான்காம் நாள் காலையில் மணிக்கட்டைப் பிடித்தேன். பழைய தாறுமாறு திரும்பியிருந்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

டிஸ்சார்ஜ் அன்று மருமகள் சீட்டை நீட்டினார். “பேதியானா எதை நிறுத்தணும்னு இதுலயே எழுதிடுங்க சார். எனக்கு இங்கிலீஷ் பேரெல்லாம் படிக்க வராது.” நீர் மாத்திரையின் காலி அட்டையிலிருந்து ஒரு துண்டு கத்தரித்து, சீட்டில் ஸ்டேப்ளர் அடித்து, பக்கத்தில் எழுதினேன்: “வாந்தி, பேதி, சோறு இறங்காவிட்டால் இதைக் கொடுக்காமல் அன்றைக்கே போன்.”