டிக்கியில் ஏறாத ரோபோ

பிப்ரவரி 24, 2025

போட்டிக்கு ரோபோவை எதில் ஏற்றிப் போவது என்று சாயங்காலம் முழுக்க டேப்பும் கையுமாக ஒவ்வொரு வண்டியாக அளந்தோம். கார்களின் டிக்கியைப் பார்த்ததுமே கைவிட்டாயிற்று. மிச்சமிருப்பது டீமில் ஒருத்தியின் அப்பா ஓட்டும் வேன். பின்சீட்டுகளை மடக்கினால் உள்ளே தாராளமான இடம். ஆனால் பின்கதவைத் திறந்தால் வாசல் உயரம் 98 செ.மீ.தான். நாங்கள் போகும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் என்ற மாணவர் ரோபோ போட்டியில் இந்த ஆண்டு ரோபோ ஆட்டம் தொடங்கும்போது 42 அங்குல (சுமார் 107 செ.மீ.) உயரம் வரை இருக்கலாம். எலிவேட்டர், அதாவது பொருளை மேலே தூக்கும் நிமிர்ந்த சட்டம், வைத்த எங்களுடையது 104 செ.மீ. ஆறு செ.மீ. இடிக்கிறது.

பிப்ரவரி 26

வாடகைக்குத் திறந்த டிரெய்லர் எடுக்கலாம் என்று ஒரு கட்சி. மழையும் புழுதியும் கன்ட்ரோலருக்குள் போனால் யார் பொறுப்பு என்று எலக்ட்ரிக்கல் தம்பி கேட்டதும் அந்தக் கட்சி கலைந்தது. "படுக்க வையுங்கள்" என்றார் மென்டர் அண்ணா. சேஸி, அதாவது அடிச்சட்டம், 71 செ.மீ.தான், மல்லாக்கப் படுத்தால் தாராளமாக நுழையும்.

படுத்தால் எடையை எது தாங்கும் என்பதில்தான் வெகுநேரம் போனது. எலிவேட்டரின் கியர்பாக்ஸ் பின்பக்கம் நான்கு செ.மீ. துருத்திக்கொண்டிருக்கிறது. அப்படியே கிடத்தினால் மொத்த எடையும் அதன் ஷாஃப்ட்டில் இறங்கும். அதனால் நிமிர்ந்து நிற்கும் இரண்டு அலுமினியக் குழாய்களுக்கும் அடியில் அதைவிடத் தடித்த மரக்கட்டைகள். எலிவேட்டரில் ஏறி இறங்கும் பகுதியான கேரியேஜைக் கீழே இறக்கிச் சேஸியோடு கட்டிவிட வேண்டும். படுத்த நிலையில் அதைப் பிடித்து வைக்க ஈர்ப்பு விசை உதவாது.

மார்ச் 4

ஒத்திகை. விதிப்படி பேட்டரியும் பம்பரும் (ரோபோவைச் சுற்றி மாட்டும் மெத்தைக் காப்பு) இல்லாமல் 115 பவுண்டு, அதாவது 52 கிலோ, வரை போகலாம். நாங்கள் அதை ஒட்டித்தான் இருக்கிறோம். நான்கு பேர் தூக்கினால் ஆளுக்குப் பதின்மூன்று கிலோ. கணக்கு சுலபம். ஆனால் அவசரத்தில் எல்லோர் கையும் தானாக, பொருளை உள்ளிழுக்கும் இன்டேக்கைத்தான் தேடிப் போகிறது! பிடிக்க வசதியாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் அதுதான், முதலில் வளைவதும் அதுதான். சேஸியில் பிடிக்க வேண்டிய நான்கு இடங்களிலும் பச்சை டேப் சுற்றினோம். குரல் கொடுப்பது ஆட்டத்தில் ரோபோவை இயக்கும் டிரைவ் டீம் அக்கா மட்டும். ஆளாளுக்கு "மெதுவா, மெதுவா" என்று கத்தினால் ஒரு மூலை முந்திக்கொள்கிறது.

சாய்வுப் பலகை வைத்தும் பார்த்தோம். ஏற்றம் முடியும் விளிம்பில் அடித்தட்டு உரசி, முன்சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. பலகை வேண்டாம், கையாலேயே தூக்குகிறோம்.

கட்டி முடித்த ரோபோவைப் போட்டி வரை தொடாதபடி பையில் போட்டு எண் போட்ட சீல் வைக்கும் வழக்கம் 2020 சீசனிலிருந்துதான் நின்றதாம். அண்ணா காலத்தில் பையோடேயே இதையெல்லாம் தூக்கியிருக்கிறார்கள், பாவம்.

மார்ச் 9

பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பெல்ட் வந்துவிட்டது. சேஸி வழியாக விட்டு வேன் தரையிலுள்ள வளையங்களில் மாட்டுகிறோம், எலிவேட்டரில் கட்டுவதே இல்லை. ரப்பர் கயிறு மேலே போர்வை போர்த்த மட்டும்: பிரேக் போட்டால் அது நீண்டு கொடுக்கும். அழுத்திப் பிடிக்கும் பிரேக்கில் 52 கிலோ ரோபோ நாற்பது கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னே பாயப் பார்க்கும், முன்னால் உட்கார்ந்திருப்பது நாம். அதற்காக ராட்செட்டை வெறியோடு இறுக்கவும் கூடாது, குழாய் நசுங்கும். மூலைகளில் பழைய நுரைத் துண்டுகள். கழற்றிய பம்பர்கள் சீட்டுக்கும் ரோபோவுக்கும் நடுவே.

பேட்டரிகள் தனியாக, காரில், பிளாஸ்டிக் பெட்டியில். அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை என்பதால் கவிழ்ந்தாலும் ஒழுகாது. டெர்மினல்களுக்குக் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால்தான் வம்பு: நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். டெர்மினல்களுக்கு டேப், கனெக்டர்களுக்கு மூடி, அந்தப் பெட்டியில் கருவி எதுவும் கிடையாது.

மார்ச் 12

கிளம்பி அரைமணியில் வண்டியை ஓரங்கட்டி பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தோம். கட்டைகள் அமர்ந்து ஒரு பெல்ட் தொளதொளவென்றிருந்தது. இறுக்கிவிட்டுப் புறப்பட்டோம்.

போட்டி இடத்தில் இறக்கியதும் நட்டுகளை ஒரு சுற்று, பிறகு ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பார்த்தான் தம்பி. பின்பக்க மோட்டார் ஒன்றுக்குக் கட்டளை கொண்டுபோகும் கேன் (CAN) ஒயர் கையோடு வந்தது. திரும்பச் செருகி, ஜிப் டை போட்டு, எல்லா மோட்டாரும் திரையில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு பம்பரை மாட்டினோம். எடை பார்க்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டே டீம்.