மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்

மதுரைப் பக்கம் ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மனு அடிக்க ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. டைப்ரைட்டிங்கில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் முடித்து, மிஷினில் தட்டி, பாமினி எழுத்துருவில் கொஞ்ச காலம் ஓட்டி, இப்போது யுனிகோடு. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "ஐயா, நான் மேற்கண்ட முகவரியில்" என்று அடித்தவுடன் "குடும்பத்துடன் வசித்து வருகிறேன்" என்பதை என் விரல் தானாக அடித்துவிடும், எதிரே நிற்பவர் அதற்குள் வாயே திறந்திருக்க மாட்டார். சில நாள் "கூலி வேலை செய்து பிழைத்து வருகிறேன்" என்பதும் கூடவே வந்துவிடும், அப்புறம் அவர் ரிட்டயர்டு வாத்தியார் என்று தெரிந்து, மன்னிப்புக் கேட்டு அழிப்பேன்.

ஏஐ (செயற்கை நுண்ணறிவு) என்றால் என்ன அக்கா என்று கடைக்கு வருகிற காலேஜ் பிள்ளைகள் கேட்கிறார்கள் (அவர்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும், அது வேறு விஷயம்). எனக்குச் சொல்லத் தெரிந்த விளக்கம் அந்த விரல்தான். ஆயிரக்கணக்கான மனு அடித்த விரலுக்கு, எந்த வார்த்தைக்குப் பின்னால் எந்த வார்த்தை வரும் என்று பழகிப்போயிருக்கிறது. சாட்ஜிபிடி மாதிரியான செயலிகளும் அடிப்படையில் இதைத்தான் செய்கின்றன. மனுவுக்குப் பதிலாக இணையம், புத்தகம், செய்தி என்று மலைமலையாக எழுத்தைப் போட்டு, அடுத்த துண்டு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். தப்பாக ஊகித்தால் உள்ளே இருக்கிற கோடிக்கணக்கான எண்களை இம்மியளவு திருகுகிறார்கள், மறுபடி ஊகம், மறுபடி திருகல். பிறகு கேள்விக்குப் பதில் சொல்லுகிற தோரணையில் அதை இன்னொரு சுற்றுப் பழக்குகிறார்கள். நமக்குத் தெரிவது அந்தத் தோரணை.

ஏஐ என்கிற பெயர் என்னவோ பழசு. 1956இல் அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் கூடிய ஆராய்ச்சியாளர்களால் பிரபலமானது, அவர்களில் ஒருவரான ஜான் மெக்கார்த்தி அதற்கு முந்தின வருடமே அந்தக் கூட்டத்துக்கான திட்டத்தில் எழுதிவிட்டார். 1997இல் ஐபிஎம் கம்பெனியின் டீப் புளூ என்கிற கம்ப்யூட்டர் செஸ்ஸில் உலகச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது, அதுவும் ஏஐதான். செல்போன் கேமரா முகத்தைச் சுற்றிக் கட்டம் போடுவதும், மெயிலில் குப்பைக் கடிதம் தனியாக ஒதுங்குவதும் இதே குடும்பம். பேசுகிற வகைக்குத் திருப்பம் 2017இல் கூகுளில் இருந்த எட்டுப் பேர் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்கிற அமைப்பு. எங்கள் தொழிலில் சொல்வதென்றால், பழைய கிரயப்பத்திரம் பார்த்திருப்பீர்கள், "நம்மில் 1வது நபரானவர்" என்று ஆரம்பித்து முற்றுப்புள்ளி இல்லாமல் ஒன்றரைப் பக்கம் ஓடி, கடைசியில் ஒரு வினைச்சொல்லில் வந்து நிற்கும். அந்த வினை யாரைச் சேர்ந்தது என்று மேலே போய்த் தேடிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் மற்ற எந்தெந்தச் சொல்லைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிற வழியைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுவுக்கு வந்தது. எங்கள் கடைத்தெருவுக்கு வந்து சேர இன்னும் ஒரு வருடம் ஆனது.

வந்ததும் எனக்கு நல்லதே. இங்கிலீஷ் கடிதம் என்றால் முன்பு நான் அரை மணி நேரம் திண்டாடுவேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, வெளிநாட்டில் வேலை பார்க்கிற மகனின் முதலாளிக்கு, ஏர்லைன்ஸுக்கு. இப்போது தமிழில் நாலு வரி சொன்னால் ஒழுங்கான கடிதம் வந்துவிடுகிறது. மேலிருந்து வந்த ஆறு பக்கச் சுற்றறிக்கையைப் போட்டு, இதில் என்ன கேட்கிறார்கள் என்றால் சொல்லிவிடுகிறது. பயோடேட்டா கேட்கவே வேண்டாம். இதெல்லாம் ஏன் ஒத்துவருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். சரக்கு ஏற்கெனவே என் கையில் இருக்கிறது, அது சட்டை மட்டும் மாட்டிவிடுகிறது. தப்பு இருந்தால் எதிரே இருக்கிற தாளைப் பார்த்து நானே பிடித்துவிடுவேன்.

சரக்கையே அதனிடம் கேட்டபோதுதான் மாட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள், அன்றைக்குக் காலையில் கடையில் நிற்க இடம் இருக்காது. எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர், கூட்டுப் பட்டாவில் இருந்து தன் பங்கை உட்பிரிவு செய்யக் கேட்டு மனு வேண்டும் என்றார். அவசரத்தில் விவரத்தை ஒரு செயலியில் போட்டேன். அருமையாக வந்தது மனு. நடுவில் கம்பீரமாக ஒரு அரசாணை எண், துறை, தேதி. எனக்கே பெருமையாக இருந்தது, இத்தனை வருடத்தில் நான் அரசாணை எண் போட்டு மனு அடித்ததே இல்லை. பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் திரும்பி வந்தார். ரெண்டு பஸ் மாறிப் போய் நின்றவரிடம், "இந்த அரசாணையை எங்கே பிடிச்சீங்க பெரியவரே, இப்படி ஒண்ணு இல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தேன். அந்த எண்ணில், அந்தத் தேதியில், அந்தத் துறையில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மிசினு பொய் சொல்லுமா தாயி?" என்று கேட்டார். கோபமாகக் கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. பொய் சொல்ல வேண்டுமானால் முதலில் உண்மை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? இதற்கு அது தெரியாது. நில மனுவில் இந்த இடத்தில் அரசாணை எண் வரும், அது இந்த வடிவத்தில் இருக்கும் என்று பழகியிருக்கிறது, வடிவத்துக்குப் பொருத்தமாக ஒன்றைப் போட்டுவிட்டது. நான் "கூலி வேலை செய்து" என்று வாத்தியாருக்கு அடித்ததும் இதே கதைதான். ஒரே வித்தியாசம், எனக்குச் சந்தேகம் வந்தால் "மூலப்பத்திரம் இருக்கா, வில்லங்கம் போட்டீங்களா, சர்வே நம்பர் என்ன" என்று கேட்பேன். அது கேட்காமலே எழுதும், அதுவும் தயங்குகிற குரலே இல்லாமல். சில செயலிகள் இப்போது இணையத்தில் தேடி, எங்கே எடுத்தது என்று இணைப்பும் கொடுக்கின்றன, முன்பைவிடப் பரவாயில்லை. ஆனால் இணைப்பைத் திறந்து பார்க்கிற வேலை நம்முடையதுதான், அந்தப் பக்கத்தில் வேறு ஏதோ எழுதியிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான் மட்டும் ஏமாறவில்லை என்று பிற்பாடு தெரிந்து கொஞ்சம் ஆறுதல். 2023இல் நியூயார்க்கில், ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வக்கீல்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். அப்படி வழக்குகளே நடக்கவில்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். அதில் வேடிக்கை, இந்த வழக்கெல்லாம் நிஜம்தானா என்று அந்தச் செயலியிடமே கேட்டிருக்கிறார்கள், நிஜம்தான் என்று அதுவும் சொல்லியிருக்கிறது. திருடனிடமே சாவியைக் கொடுத்த கதை.

தமிழில் இந்தத் தொல்லை இன்னும் ஒரு சுற்று அதிகம். பழக்குவதற்கு எழுத்து வேண்டும், இணையத்தில் நம் எழுத்து குறைவு. விக்கிப்பீடியாவையே பாருங்கள், ஆங்கிலத்தில் 70 லட்சம் கட்டுரைகளுக்கு மேல், தமிழில் 1.5 லட்சத்துக்கு மேல். அடுத்தது குறியேற்றம், அதாவது எழுத்தைக் கம்ப்யூட்டருக்கான எண்ணாக மாற்றுகிற முறை, இது என் தொழிலைச் சேர்ந்தது என்பதால் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். "அம்மா" நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் அது அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறி. கம்ப்யூட்டரில் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் 3 பைட் (பைட் என்பது சேமிக்கிற இடத்தின் அளவு), ஆக 15 பைட். இதையே ஆங்கில எழுத்தில் அடித்தால் நாலே பைட்டில் முடிந்தது. இந்தச் செயலிகள் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் விழுங்கும். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த கத்தி என்பதால் தமிழ்ச் சொல் ஒன்று நாலைந்து துண்டாகச் சிதறுகிறது. ஒரே விஷயத்தைத் தமிழில் கேட்டால் துண்டு அதிகம், துண்டுக்குக் காசு கட்டுகிறவர்களுக்குச் செலவும் அதிகம். புதிதாக வருபவற்றில் இது குறைந்துகொண்டு வருகிறது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் சில நேரம் உளறுவதற்கும் இந்த வெட்டுதான் காரணம். அப்புறம் அதன் தமிழ்நடை. "இது ஒரு முக்கியமான படியாகும்" என்கிற மாதிரி எங்கேயோ பார்த்த பாஷை. நம் ஊர் மனுவில் "ஐயா அவர்கள் சமூகம் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு" என்று எழுதுவோமே, அது பழைய பாஷைதான், இருந்தாலும் அதில் ஒரு ஆள் கைகட்டி நிற்பது தெரியும்.

இதெல்லாம் பேசுகிற ஏஐ. எனக்கு மரியாதை வந்தது பேசாத ஒன்றின் மேல்தான். என் அம்மாவுக்கு ரொம்ப வருடமாகச் சர்க்கரை, வருடத்துக்கு ஒரு தடவை கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் படம் எடுக்கக் கூட்டிப்போவேன். அந்தப் படத்தைப் பார்த்தே சர்க்கரையால் வந்த பாதிப்பைச் சொல்லும் ஒரு மென்பொருளைப் பற்றி கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2016இல் எழுதினார்கள். அதைப் பழக்க 1,28,175 படங்கள், ஒவ்வொன்றையும் மூன்று முதல் ஏழு டாக்டர்கள் வரை பார்த்து மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த வேலையில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கு. கண் டாக்டர்களுக்குச் சமமாகச் சொன்னது. எத்தனையோ ஊரில் கண் டாக்டரே இல்லாதபோது இது எவ்வளவு பெரிய காரியம்.

ஆனால் அதையே தாய்லாந்தில் சாதாரண கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது நடந்ததை 2020இல் அவர்களே எழுதினார்கள். நர்சுகள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், தெளிவு போதாது என்று மென்பொருள் தள்ளிவிட்டது. அறையை இருட்டாக்க வசதியில்லை, இன்டர்நெட் இழுத்தது, நோயாளிகள் வரிசையில் காத்துக்கிடந்தார்கள். கணக்குச் சரி, ஜன்னலுக்குத் திரை இல்லை! எனக்கு இது நன்றாகப் புரிகிறது, எங்கள் கடையில் மத்தியானம் கரண்ட் போனால் எல்லா நுண்ணறிவும் படுத்துவிடும்.

போன மாதம் அந்தப் பெரியவர் மறுபடி வந்தார், வாரிசுச் சான்றுக்கு. அவர் வீட்டம்மா தவறிவிட்டார்.

"மிசின்ல வேணாம் தாயி. நீயே அடி."

சரி ஐயா என்று நானே அடித்தேன். அடித்து முடித்து, இப்போதெல்லாம் வழக்கமாகச் செய்கிற மாதிரி வாசித்துக் காட்டினேன். "நான் மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த வீடு போன மழைல விழுந்துபோச்சு தாயி. இப்ப மக வீட்டுலதான் கெடக்கேன்."