ஈயம் வைத்த முனைகள்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்கு நான் செய்து கொடுத்த கன்ட்ரோல் பேனல் எட்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. ஒன்பதாவது மாதம் முதலாளியிடமிருந்து போன். "தம்பி, மெஷின் நடுவுல நின்னு போச்சுங்க. ஒரு லாட் துணி ஷேடு போயிருச்சு."

சாயம் ஏறிக்கொண்டிருக்கும்போது பி.எல்.சி. (மெஷினை வரிசைப்படி ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர்) அணைந்து எழுந்தால் நஷ்டம் லேசில் போகாது. எந்த நிமிடத்தில் சோடா போக வேண்டும், எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் குழம்பிவிடும். அதனால் அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முதலில் பேனலுக்கு 24 வோல்ட் தரும் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகப்பட்டு அதை மாற்றினேன். நான்கு நாள் கழித்து மறுபடி அதே போன். இரண்டாம் முறை வால்வு காயில்கள் அணையும்போது கிளப்பும் மின் இரைச்சல் (நாய்ஸ்) என்று முடிவுகட்டி, அதை அடக்க ஒவ்வொன்றுக்கும் டையோடு போட்டேன். மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

மூன்றாம் முறைதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். மெஷின் ஓடட்டும் என்று விட்டு மீட்டரை எடுத்தேன். எஸ்.எம்.பி.எஸ். முனையில் 24.1 வோல்ட். பி.எல்.சி. முனையில் 22.2. முக்கால் மீட்டர் ஒயரில் 1.9 வோல்ட் எங்கே போகும்? மீட்டரின் இரண்டு முனைகளையும், ஒயர்களை ஸ்க்ரூ போட்டு இணைக்கும் டெர்மினல் பிளாக்குகளின் இரு பக்கமும் வைத்து ஒவ்வொன்றாக நகர்ந்தேன். எல்லாவற்றிலும் சில மில்லிவோல்ட். மைனஸ் ஒயர்கள் எல்லாம் ஒன்றுசேரும் மைனஸ் காமனில் மட்டும் 1.85 வோல்ட்! ஆறு வால்வுகள் சேர்ந்து இழுக்கும் 2.4 ஆம்பியரும் அது வழியாகத்தான் திரும்புகிறது. பெருக்கிப் பார்த்தால் 4 வாட்டுக்கு மேல் சூடு, நகம் அளவு இடத்தில். பிளாஸ்டிக் பழுப்பேறிப் போயிருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் மெதுவாகத் தட்டினேன், பி.எல்.சி. விளக்கு அணைந்தது. பக்கத்தில் பம்பு அதிரும்போதெல்லாம் நடந்ததும் இதுதான்.

ஸ்க்ரூ அரைச் சுற்று இறுகியது. கழற்றி ஒயரை வெளியே இழுத்தபோது பளபளவென்று சால்டரிங் ஈயம் வைத்த முனை. சப்பையாக நசுங்கியிருந்தது. அந்த ஈயத்தை வைத்தது நானேதான்.

பதினைந்து வயதில் ரேடியோ ரிப்பேர் கடையில் தொழில் பழகியவன் நான். ஒயரை உரித்தால் முனையை முறுக்கி ஈயம் காட்டாமல் விடக்கூடாது என்பது அங்கே பாலபாடம். டேக் எனும் உலோகக் காதில் பற்றவைக்கும் இடத்தில் அது சரி. ஸ்க்ரூவில் இறுக்கும் இடத்தில் தப்பு. ஈயம் மெத்தென்ற உலோகம். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல விலகிக்கொடுக்கும். ஸ்க்ரூ திரும்பவே வேண்டாம், பிடி தானாகத் தளர்ந்துவிடும். ஈயம் முடிகிற இடத்தில் இழைகள் முறிவது தனிக் கதை.

முனையை வெட்டிவிட்டு, இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாயான பின் லக் போட்டேன். (புத்தகத்தில் இதற்குப் பெயர் ஃபெருல். நம் பேனல் கடைகளில் ஃபெருல் என்று கேட்டால் நம்பர் போட்ட டியூபைத்தான் எடுத்துத் தருவார்கள்.) 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயருக்குக் கறுப்பு லக், 2.5-க்கு நீலம். லக் குழாயின் நீளத்துக்கு உரித்து, ஓர் இழைகூட வெளியே பிரியாமல் நுழைத்து, கிரிம்பிங் பிளையரில் அழுத்தியதும் கையால் இழுத்துப் பார்த்தேன். இந்த அளவு டெர்மினலில் எம்3 ஸ்க்ரூவுக்கு 0.5 நியூட்டன் மீட்டர் போதும் என்று அதன் தாளிலேயே இருக்கிறது. அதுவரை நான் மணிக்கட்டை நம்பித்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன். நண்பரிடம் இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் டிரைவர் வாங்கிப் பார்த்ததில் என் மணிக்கட்டு பாதி இடங்களில் அதிகமாகவும் சில இடங்களில் குறைவாகவும் இருந்தது.

மைனஸ் காமனுக்கு மட்டும் ஸ்பிரிங் டெர்மினல் போட்டேன். ஒயர் கொஞ்சம் அமுங்கினாலும் ஸ்பிரிங் பின்தொடர்ந்து பிடிக்கும். 1951-ல் ஜெர்மனியில் தொடங்கிய வாகோ நிறுவனம் இந்த ஸ்பிரிங் பிடியை நம்பியே வளர்ந்தது. அதிர்வு உள்ள இடத்தில் விலையைப் பார்க்காமல் இதைப் போடலாம் என்பது என் அபிப்பிராயம். பி.எல்.சி.யின் மைனஸையும் வால்வுகளோடு சேர்க்காமல் தனி ஒயராக எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கே கொண்டுபோனேன். முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் வால்வு தடுமாறினாலும் பி.எல்.சி. அணைந்திருக்காது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வால்வு கார்டில் (வால்வுகளுக்கான சர்க்யூட் போர்டு) இருந்த 12 பின் பிளக் கனெக்டரும் கருகியிருந்தது. கோவையில் ஒரு கடையில் வாங்கி வந்தேன். முதல் இரண்டு மூன்று பின் அழகாக உட்கார்ந்தது, கடைசிப் பக்கம் உட்கார மறுத்தது. பிசிறு ஏதாவது இருக்குமோ என்று சுரண்டிக்கூடப் பார்த்தேன். அப்புறம் காலிப்பரை வைத்தால் விஷயம் புரிந்தது. கார்டில் இருப்பது 5.08 மில்லிமீட்டர் இடைவெளி, கடையில் தந்தது 5.00. ஒரு இடைவெளிக்கு 0.08 தான். பதினோரு இடைவெளிக்கு 0.88. அழுத்தித் திணித்திருந்தால் கார்டில் பற்றவைப்பு விட்டுப் போயிருக்கும். மாற்றி வாங்கி வர இன்னொரு நாள்.

முழு லோடில் திரும்ப அளந்தபோது அந்த டெர்மினலில் 6 மில்லிவோல்ட். ஆபரேட்டர் பையன் எட்டிப் பார்த்து, "அண்ணா, இந்த ஸ்க்ரூவுக்கா இத்தனை நாளு?" என்றான். ஆமாம் தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய வேலை நோட்டைப் புரட்டினேன். ஈயம் வைத்து முடித்த பேனல்கள் இன்னும் பதினான்கு இருக்கின்றன. வரும் ஞாயிறு பெருந்துறை.