அத்தையின் கிரைண்டர்

கொழிஞ்சாம்பாறையில் சாயங்காலம் கரண்ட் போனது. மாவு ஆட்டிக்கொண்டிருந்த அத்தை அப்படியே நின்றார். விரல் நுனியில் உளுந்து நுரை.

"டெல்லியில இதயெல்லாம் ஆராச்சும் பாக்கறாங்களா கண்ணு?"

நம்ம தெருவைப் பார்ப்பது லைன்மேன், அத்தை. டெல்லி பார்ப்பது நாடு முழுக்க ஓடும் 50 ஹெர்ட்ஸை, அதாவது கரண்ட் நொடிக்கு 50 தடவை துடிக்கும் அந்த ஒரே தாளத்தை.

2012 ஜூலை 31, வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் இருண்டன. 60 கோடிப் பேருக்கு மேல். அன்றைக்கே மின்துறை அமைச்சருக்கு உள்துறை கிடைத்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் கிரிட், அதாவது மின்சார வலை, தனியாக இருந்ததால் தெற்கு தப்பியது.

2013 டிசம்பர் 31-ல், ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாமும் நாட்டின் கிரிட்டில் சேர்ந்துவிட்டோம். மின்துறை அமைச்சர் நாற்காலியில் யார் என்பது இப்போது அத்தையின் கிரைண்டர் வரைக்கும் வரும் விஷயம்.

கரண்ட் வந்ததும் அத்தை மாவைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொரகொரப்பு.