ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த பெட்டிகள்

பழைய ஸ்பீக்கர் பார்க்கக் கிளம்புகிறவன் பையில் மல்டிமீட்டர், டார்ச் லைட், ஒன்றரை வோல்ட் பேட்டரி, ஸ்க்ரூ டிரைவர், பெட்டியைச் சுற்றிக் கட்ட ஒரு போர்வை இவ்வளவும் இருக்க வேண்டும். போர்வையை மறந்துவிட்டுத் திருச்சியில் விடியற்காலை பஸ் ஏறிவிட்டேன். நாமக்கல் தாண்டும்போதுதான் உறைத்தது. சேலத்து நண்பருக்குப் போன் போட்டேன். "வாங்க வாங்க, பழைய ஜமுக்காளம் ரெண்டு கிடக்குது" என்றார்.

அவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கீழே கொலுசு, மாடியில் ஸ்பீக்கர். எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த மாடியில் சேருவோம். பேங்கில் ரிட்டயர் ஆன சார் ஒருவர் எதைக் கேட்டாலும் "பேஸ் ஜாஸ்தி" என்பார், அடிச் சத்தம் அதிகமாம். லேத் பட்டறை அண்ணன் ஒருவர் பாட்டே கேட்க மாட்டார், பெட்டியின் மரத்தைத் தட்டிப் பார்ப்பதோடு சரி. கல்லூரிப் பையன் ஒருவனும் உண்டு. அவன் பிறப்பதற்கு முப்பது வருஷம் முந்தைய சாமான்களைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுப்பான்.

இந்த முறை வேலை ஏற்காட்டில். காப்பித் தோட்டத்து வீடு ஒன்றில் ஏ.ஆர். (அக்கூஸ்டிக் ரிசர்ச்) என்ற அமெரிக்கக் கம்பெனியின் 2 ஏஎக்ஸ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி இருப்பதாக நண்பருக்குத் தகவல். அவருடைய ஆம்னியில் பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினோம். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு வந்ததும் வழக்கம்போல வண்டி கொஞ்சம் மெதுவாகும். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடத்தில் மிஞ்சி நிற்பது அந்த வாசல்தான். அப்புறம் அடிவாரம், இருபது கொண்டை ஊசி வளைவுகள், குரங்குகள். மலையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருந்தது, குளிர்ந்தது, டீ குடித்தோம்.

அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். ஸ்பீக்கர் அவர் கணவருடையது. எழுபதுகளில் அமெரிக்காவிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததாம். பூப்போட்ட துணி தைத்து இரண்டுக்கும் உறை போட்டிருந்தார். "அவரு போனப்புறம் யாரும் தொடவே இல்ல கண்ணு. புதுசாட்டமா இருக்கும் பாரு."

உறையைக் கழற்றினால் வால்நட் மர வினீர் மேற்பரப்பு நிஜமாகவே புதுசாட்டம்தான் இருந்தது. முன்பக்கத்துத் துணிச்சட்டத்தை மெதுவாக நெம்பி எடுத்தேன். கறுப்புத் தூள் மடியில் கொட்டியது. அடிச் சத்தம் தரும் பத்து இஞ்ச் வூஃபரின் காகிதக் கூம்பை, அதாவது கோனைச் சுற்றி வளையமாக இருக்க வேண்டிய ஃபோம், விரல் பட்டதும் பழைய கேக் மாதிரி உதிர்ந்து ஒட்டிக்கொண்டது. இன்னொரு பெட்டியிலும் அதே கதை.

பல பேர் நினைப்பது போல ஸ்பீக்கர் சத்தமாகப் போட்டதால் ஃபோம் கிழிவதில்லை. பாலியூரிதேன் ஃபோமைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல மெல்ல அரித்துவிடும். பதினைந்து, இருபது வருஷம் தாங்கினால் அதிகம். அந்தக் காலத்தில் ஃபோம் போட்ட எல்லாக் கம்பெனி ஸ்பீக்கருக்கும் இதே விதிதான். அதிலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில், வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் இருக்கிற ஊர். போட்டுக் கேட்டிருந்தாலும் போயிருக்கும், பொத்தி வைத்தாலும் போயிருக்கும். கேட்டிருக்கலாம். இதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நண்பர்தான் "ஃபோம் வளையம் மாத்தணும்ங்மா, மத்ததெல்லாம் நல்லா இருக்குது" என்று சமாளித்தார்.

இதற்கு நடுவில் ஹாலில் ஒரு வால்வு ரேடியோ தன் பாட்டுக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிகளைவிட மூத்தது. அதற்குள் இருப்பது காகிதக் கோன்; அதன் ஓரத்தையே மடித்து வளையமாக விட்டிருப்பார்கள், உதிர்வதற்கு ஃபோமே கிடையாது. அந்த அம்மா தினமும் காலை ஐந்தரைக்குப் போடுவாராம்.

மல்டிமீட்டரைப் பின்பக்க டெர்மினலில் வைத்தால் வூஃபர் மட்டும்தான் பேசும், நடு ஒலிக்கான மிட்ரேஞ்ச், கீச்சு ஒலிக்கான ட்வீட்டர் இரண்டையும் கன்டென்சர் மறித்துவிடும். இரண்டிலும் ஆறு ஓமுக்குப் பக்கத்தில் காட்டியது. எட்டு ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அது சரியான கணக்கு. பேட்டரியைத் தொட்டு எடுத்தேன், கோன் துள்ளியது. கோனை அசைக்கும் கம்பிச்சுருளுக்கு, வாய்ஸ் காயிலுக்கு, உயிர் இருக்கிறது. அது போதும். ஒன்பதாயிரம் கொடுத்தோம். ஜமுக்காளம் சுற்றி, இறங்கும்போது வளைவுக்கு வளைவு நான் பின்னால் உட்கார்ந்து இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மாடியில் எல்லோரும் ஆஜர். வூஃபரைக் கழற்றினதும் உள்ளே அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சு. கையுறை போடுங்கள் என்று பையன் சொன்னான். லேத் அண்ணன் கேட்கவில்லை, சாயங்காலம் வரை சொறிந்துகொண்டிருந்தார். பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுச் சுரண்டி எடுக்கவே அரை நாள் போனது. கோன் வெறும் காகிதம், கை கொஞ்சம் அழுத்தினால் முடிந்தது. புது வளையத்தைக் கோனில் ஒட்டிக் காயவிட்டு, அப்புறம் வூஃபரின் உலோகச் சட்டத்தில் ஒட்டும்போது முப்பது ஹெர்ட்ஸ் என்கிற மிகத் தாழ்ந்த சத்தத்தை மெல்லப் போட்டுவிட்டோம். கோன் அசைந்துகொண்டே நடுவுக்கு வந்து நிற்கும். உரசினால் கரகரவென்று காட்டிக் கொடுத்துவிடும், பசை காய்வதற்குள் நகர்த்திக்கொள்ளலாம். அதனால்தான் இதற்கு மெதுவாகக் காயும் வெள்ளைப் பசை. உடனே பிடிக்கிற பசையை வைத்து ஒரு தடவை நான் ஒரு நல்ல கோனைக் கோணலாக நிறுத்தியிருக்கிறேன். அது இன்னும் வீட்டில், எனக்குப் பாடமாக, பரணில் இருக்கிறது.

பின்பக்கம் ட்வீட்டருக்கும் மிட்ரேஞ்சுக்கும் சத்தம் கூட்டிக் குறைக்க இரண்டு குமிழ்கள் உண்டு. இரண்டிலும் பச்சைக் களிம்பு பூத்து, ட்வீட்டர் ஊமை. நான் புதிதாக வாங்கிப் போடலாம் என்றேன். கொலுசுக்காரர் சிரித்தார். "செம்புக் களிம்புக்கு வீட்ல என்ன போடுவீங்க?" பிரித்துப் போட்டு, உலோகத்தை மட்டும் புளித்தண்ணீரில் ஊறவைத்து, கொலுசுக்குப் பாலீஷ் போடும் பிரஷ்ஷால் தேய்த்து, அலசி, வெயிலில் காயவைத்துப் பூட்டினார். துளி கிரீஸும் வைத்தார். ட்வீட்டர் பாடியது. அவர் சால்டரிங் வைக்கும் அழகுக்கு நான் ஏழு ஜென்மம் எடுக்க வேண்டும்.

இதற்குள் கீழேயிருந்து தட்டுவடை செட் வந்தது. பீட்ரூட் துருவலும் சட்னியும் பட்ட கையோடு யாரும் பெட்டியைத் தொடக்கூடாது என்று சார் உத்தரவு போட்டார்.

1954-இல் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் ஆரம்பித்த கம்பெனி இந்த ஏ.ஆர். வில்ச்சரின் யோசனை எளிமையானது: பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங். அதனால்தான் சின்னப் பெட்டியிலிருந்து அவ்வளவு ஆழமான பேஸ். அதனால் சோதனையும் எளிது. இரண்டு பக்கமும் விரல் வைத்துக் கோனை உள்ளே அழுத்தி விட்டால், மெதுவாக எழும்பி வர வேண்டும். இடது பெட்டி அப்படியே வந்தது. வலது பெட்டி டக்கென்று வந்துவிட்டது. எங்கோ காற்று போகிறது. ஊதுவத்தி பற்றவைத்துப் பெட்டி முழுக்கச் சுற்றினோம். கோனை அழுத்தும்போது குமிழ் துளையருகே புகை விலகியது. புட்டிப் பசை வைத்து அடைத்தோம்.

முதல் ரெக்கார்டு நாகஸ்வரம். தவிலின் தொப்பியில் குச்சி விழுந்தபோது மேஜை மேலிருந்த டம்ளர் லேசாக நடுங்கியது. சார் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

பாட்டு முடியும் முன்பே லேத் அண்ணன் எழுந்து போய் வலது கோனை மறுபடி அழுத்திப் பார்த்தார். மெதுவாக வந்தது. அப்புறம் பையன் அழுத்தினான். அப்புறம் நான். நண்பர் ஏற்காட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அம்மா கேட்டார், "கண்ணு, இந்த ரேடியோவையும் எடுத்துக்கிறீங்களா?"

"வேண்டாங்மா," என்றார் நண்பர், "அது பாடிட்டு இருக்கட்டும்."