அவர் சொன்னது வாதம்

மும்பையில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகத் தாராவித் தமிழர்களிடம் பேட்டி எடுப்பது என் வேலை. நானும் அங்குள்ள தலித் சமூகத்தவன், நெல்லைப் பேச்சு புரியும் என்பதால் கிடைத்தது. நாங்கள் பதிவுசெய்து எழுத்தாக்கித் தருவோம். கோட்பாடு எழுதுகிறவர்கள் வேறு. இந்தப் பிரிவினையைத்தான் அரசியல் அறிஞர் கோபால் குரு 2002-இல் கேள்வி கேட்டார்: சமூக அறிவியலில் சிந்திப்பது மேல்சாதியினர், தரவு திரட்டுவது தலித்துகள் என்று ஏன் இருக்கிறது?

கேள்வித்தாளில் சாதிச் சான்றிதழுக்கு ஒரு கட்டம் உண்டு. தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் மாமனார் தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்.

"ஊர்ல வாங்குனது இருக்கு தம்பி, இங்க செல்லாது. சாதி மட்டும் டிக்கெட் எடுக்காம கூடவே வந்துட்டு. எந்தத் தெருன்னு ஊர்க்காரன் இங்கயும்லா கேக்கான்."

சட்டம் அவர் சொன்னபடிதான். மும்பை மருத்துவக் கல்லூரி இடம் பற்றிய வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றம், ஊரில் பெற்ற பட்டியல் சாதித் தகுதி குடிபெயர்ந்த மாநிலத்தில் செல்லாது என்றது. 2018-இலும் அதையே உறுதிசெய்தது. ஒரு சாதியின் இழிநிலை மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பது அதன் அடிப்படை. ஆனால் ஊரே சேர்ந்து குடிபெயர்ந்தால்? தெருப் பெயரை வைத்து எடைபோடுகிறவர்களும் அதே ரயிலில்தானே வந்தார்கள்! தீர்ப்பு காணாத இடத்தைப் பெரியம்மா கண்டிருந்தார்.

அறிக்கையில் அவர் பேச்சு பெயரில்லாத மேற்கோளாக வந்தது. விளக்கம் இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியிடமிருந்து. சிறையில் இருந்து எழுதியவர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மேலே போகப்போக மதிப்பு, கீழே வரவர இழிவு என்று படிநிலைச் சமத்துவமின்மையை விளக்கிய அம்பேத்கர் இதே மும்பையின் தாதரில் வீடு கட்டி வாழ்ந்தவர். 1907-இல் சென்னையில் சொந்தப் பத்திரிகை தொடங்கிய அயோத்திதாசர், நம்மைப் பூர்வ பௌத்தர் என்றார். 1972-இல் இந்த நகரத்தில்தான் தலித் பேந்தர்ஸ் இயக்கம் பிறந்தது. தங்களை யாரென்று தாங்களே வரையறுத்தவர்கள் இவர்கள். அறிக்கையில் ஒருவர்கூட இல்லை.

"அது அனுபவம்தானே, கோட்பாடு ஆகாதே" என்றார் மேலாளர். அனுபவத்திலிருந்து அந்த அம்மா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார் சார், அதை வாதமாக எழுதுங்கள் என்றேன். ஏற்கவில்லை.

இப்போது கேள்வித்தாள் முடிந்ததும் இன்னொன்று கேட்கிறேன்: இது ஏன் இப்படி நடக்குதுன்னு நீங்க நினைக்கீங்க? அந்தப் பதில்களுக்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன். சொன்னவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரோடு, அவர்கள் வாதமாகவே எழுதப்போகிறேன். முதல் அத்தியாயம் பெரியம்மாவுடையது.