படிப்புக்குப் பதில் பட்டறை

ஜூன் 9

கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள். நான் போடவில்லை. அப்பா "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அம்மாதான் விடவில்லை: "ஒரு டிகிரிய வாங்கி வெச்சிரு, அப்புறம் எந்த வேலைக்கு வேணா போ." வெல்டிங்தான் என் வேலை என்று தெரிந்த பிறகு, அதை எதற்கு மூன்று நான்கு வருஷம் தள்ளிப்போட வேண்டும்?

கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "மார்க் கம்மியா?" என்றுதான். மார்க் நன்றாகத்தான் வந்திருக்கிறது. படிப்பு ஏறாதவன்தான் தொழிலுக்குப் போவான் என்ற நினைப்பு லேசில் போகாது போல.

ஜூன் 23

பயிற்சி ஆரம்பம். நாள் முழுக்கப் பாதுகாப்புப் பாடம். ஆர்க்கை, அதாவது பற்றவைக்கும்போது எரியும் மின்சுடரை, வெறும் கண்ணால் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாதாம். புற ஊதாக் கதிர் தன் வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கும். பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்த ஆரம்பிக்கும். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைக்கும்போது வரும் புகையும் அப்படித்தான். சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும்.

ஜூலை 11

ராடு (மின்சாரத்தில் உருகி இரும்பை ஒட்டவைக்கும் பூச்சுக் கம்பி) தகட்டில் ஒட்டிக்கொள்வது ஒருவழியாகக் குறைந்திருக்கிறது. இப்போது என் பிரச்சினை கை நடுக்கம். ராடு எரிந்து குறையக் குறைய, அதே அளவுக்குக் கையைக் கீழே இறக்கிக்கொண்டே பக்கவாட்டிலும் நகர்த்த வேண்டும். இடைவெளி கூடினால் பொறி தெறித்து, உருகிப் படியும் தையல் அகன்று அசிங்கமாகிறது. வேகமாக இழுத்தால் ஒல்லியாகிவிடுகிறது.

மாஸ்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறொரு பையனுக்குக் கிரைண்டர் வீல் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலே "கரண்ட் ஜாஸ்தி, கொறை" என்றார். குறைத்தேன். சத்தம் சீராகிவிட்டது. தையல் மேல் படிந்த கசடைத் தட்டிப் பார்த்தால் ஓரத்தில் இரும்பு அரித்த பள்ளம் இல்லை. அந்தச் சத்தத்தில் அவர் காதுக்குக் கேட்டது எனக்கு இன்னும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

ஜூலை 30

ராடு மேல் இருக்கும் 7018 என்ற எண்ணுக்கு இன்று விளக்கம். முதல் 70, உருகிச் சேர்ந்த உலோகத்தின் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் பலம்: சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 70,000 பவுண்டு. 1 என்றால் எல்லா நிலையிலும் (படுக்கை, செங்குத்து, தலைக்கு மேல்) பற்றவைக்கலாம். கடைசி எண் பூச்சு எந்த வகை என்பது. இது ஹைட்ரஜன் குறைந்த ரகம்.

ராடைத் திறந்துபோட்டால் பூச்சு ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஆர்க்கில் அந்த ஈரம் பிரிந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போகும். வேலை முடிந்து, ஆறி, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு விரிசல் விடும். சில சமயம் மறுநாள்கூட. டப்பா திறந்த ராடுகளை ஓவனில் சூடாகவே வைத்திருப்பது இதற்குத்தான். பள்ளிக்கூடத்து வேதியியல் எதற்குமே உதவாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

ராத்திரி, இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்குக் கப்பல்களான லிபர்ட்டி கப்பல்களைப் பற்றிப் படித்தேன். 1941 முதல் 1945 வரை அமெரிக்கா 2,710 கப்பல்களைக் கட்டியது. வேகத்துக்காக, பெரும்பாலும் ரிவெட்டுக்கு (தகடுகளைக் கோக்கும் ஆணி) பதில் வெல்டிங். சிலவற்றில் பெரிய விரிசல்கள் விழுந்தன. அதே காலத்து ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் 1943 ஜனவரியில் துறையில் கட்டிக் கிடக்கும்போதே இரண்டாகப் பிளந்தது. பழி முதலில் வெல்டர்கள் தலையில்தான் விழுந்தது. குளிரில் அந்த எஃகே நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது என்று கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர் காட்டினார். ஆனாலும் ரிவெட் அடித்த கப்பலில் தகட்டோடு நின்றிருக்கும் விரிசல், வெல்டிங் கப்பலில் நிற்க இடமில்லாமல் ஓடியது. தூக்கம் போய்விட்டது.

செப்டம்பர் 14

தலைக்கு மேல் பற்றவைப்பு. கழுத்து, தோள் எல்லாம் வலி. சட்டைக் காலருக்குள் ஒரு பொறி இறங்கியது.

மாஸ்டருக்கு முட்டி மடங்குவதில்லை. வயதான பிறகு இந்த உடம்பு என்ன ஆகும் என்று யோசிக்காமல் இதற்கு வரக்கூடாது. ஆய்வு வேலை, பயிற்சி கொடுப்பது, சொந்தப் பட்டறை என்று வழிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் இப்போதிருந்தே படித்தாக வேண்டும். கல்லூரியில் சேர்ந்த நண்பனிடம் போனில் இதைத்தான் சொன்னேன். "நீ சம்பாதிக்கிறியேடா" என்கிறான். உதவித்தொகை கைச்செலவுக்கே சரியாகப் போகிறது.

நவம்பர் 18

தேர்வு. பற்றவைத்த தகட்டைப் பட்டைகளாக அறுத்து, அச்சில் வைத்து, யூ வடிவத்துக்கு வளைத்தார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு திறப்பு தெரிந்தாலும் தோல்வி. என் பட்டையில் ஓரிடத்தில் ஊசிமுனை அளவு புள்ளி. ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, பாஸ் என்றார் ஆய்வாளர். ஆறு வருஷ அனுபவம் என்று சொன்ன ஒருவரின் பட்டை நடுவில் பிளந்தது. அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

நவம்பர் 21

சான்றிதழை அப்பா முழுக்கப் படித்தார். இந்த முறைக்கு, இந்தக் கனத்துக்கு, இந்த நிலைக்கு மட்டும். ஆறு மாதம் இந்த முறையில் வேலையே செய்யாமல் விட்டால் செல்லாது.

"டிகிரின்னா காலாவதி ஆகாதேடா" என்றார்.

"ஆகாதுப்பா."

"அப்போ ஆறு மாசத்துக்கு ஒரு தடவ நீ வேலை செஞ்சேன்னு எவன் எழுதித் தருவான்?"

முதல் முறையாக என் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். முதலாளி பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார் என்று விளக்கினேன். அந்தப் பதிவேட்டின் நகல் ஒன்றை நானும் வைத்துக்கொள்ள வேண்டுமாம், அப்பா சொல்கிறார். நியாயமான யோசனை, நாளைக்கே கேட்க வேண்டும்.

அடுத்தது 6ஜி என்ற பைப் வெல்டிங் தேர்வு. பைப்பை 45 பாகை சாய்வில் அசையாமல் கட்டிவிடுவார்கள். அதைத் திருப்ப முடியாது, நாம்தான் சுற்றி வர வேண்டும்.